சுங்கை சிப்புட்டிலிருந்து பனிமலைக்கு: முதல் பனிச்சறுக்குப் பயணம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கிறேன். ஒரு மார்ச் விடுமுறையில் நானும் அப்போது 14 வயதான என் மகளும் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போய் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு வந்தோம். என் கணவர் வரவில்லை. "இருப்பது ஒரு சோடி முட்டிதான்" என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்ததிலிருந்து கோயிலிலும் பள்ளிக்கூட வாசலிலும் மளிகைக் கடையிலும் ஆட்கள் நிறுத்திக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். பிள்ளையோடு முதல்முறை போகிற, ஸ்கீயை (காலில் மாட்டிச் சறுக்கும் நீளப் பலகை) தொட்டே பார்க்காத பெற்றோருக்கானது இது.

பனியையே பார்த்ததில்லை. நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா?

ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் படிகிற பனிதான் எனக்கும் தெரிந்திருந்தது. சரிப்பட்டு வரும். தொடக்கநிலைச் சரிவு என்பது நம் ஊர் பள்ளித் திடலை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி வைத்தது போலத்தான் இருக்கும். அங்கே விழுந்து எழுந்துகொண்டிருப்பவர்களில் சிங்கப்பூர்க்காரர்களையும் தாய்லாந்துக்காரர்களையும் நிறையவே பார்க்கலாம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை, அவரவர் கால் அவரவர்க்குப் பெரும்பாடாக இருக்கும்.

எனக்கு 46 வயது. முட்டி தாங்குமா?

முட்டியில் பழைய காயமோ அறுவை சிகிச்சையோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். ஸ்கீயில் அதிகம் அடிபடும் இடங்களில் முட்டி முக்கியமானது. காலில் நீளப் பலகை மாட்டியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு முழுவதும் முட்டித் தசைநாருக்குத்தான் போகும்.

சாதாரண சோம்பல் முட்டி என்றால் இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். தினமும் தோப்புக்கரணம் போடுங்கள், பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல ஒரு நிமிடம் நில்லுங்கள். வாரக் கடைசியில் ஈப்போ பக்கம் கிளேடாங் மலை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் இதற்கு நல்ல பயிற்சி, தொடையின் முன்பக்கம் இறங்கும்போதுதான் வேலை செய்கிறது. நான் ஒரு மாதம்தான் செய்தேன். மூன்றாம் நாள் விடுதிப் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்க வேண்டியதாகிவிட்டது.

எந்த நாட்டுக்குப் போவது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலைவிட முக்கியம், தப்பான இடத்திலிருந்து தொடங்காமலிருப்பது. எல்லாரும் புகழ்பெற்ற மலையிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் மூன்று நாள் உங்களுக்கு வேண்டியது நூறு மீட்டர் சாய்ந்த வெள்ளைத் தரை, சூடான கால், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். மீதி மலைக்குக் கொடுக்கிற காசு, ஏறாத மரத்துக்குக் கொடுக்கிற கூலி.

ஜப்பான்தான் என் முதல் தேர்வு. மின்சில்லு (சிப்) உள்ள மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். கோலாலம்பூரிலிருந்து சப்போரோவுக்கு ஏர் ஏசியா எக்ஸ் நேரடியாகப் பறக்கிறது. ஹொக்கைடோவில் நிசெக்கோதான் பெரிய பெயர். ஹிராஃபு, ஹனசோனோ, நிசெக்கோ வில்லேஜ், அன்னுபுரி என்று ஒரே மலையைச் சுற்றி நான்கு தளங்கள். ஆங்கிலம் தாராளம், ஆங்கிலத்தில் கற்றுத்தரும் பள்ளிகளும் தாராளம், விலையும் அப்படியே தாராளம். நாங்கள் சப்போரோ நகரிலேயே தங்கி, பக்கத்து மலைகளுக்குப் போய் வந்தோம். நகருக்குள்ளேயே பாங்கேய் என்ற சின்ன இடம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி தெய்னே, 1972 குளிர்கால ஒலிம்பிக்கின் சில பந்தயங்கள் நடந்த மலை. அதன் மேல்பகுதி செங்குத்து, அடிப்பகுதி குழந்தைகளுக்கே ஏற்றது. நகரில் தங்கினால் சாப்பாடு, கடை, மருந்தகம் எல்லாம் நடக்கிற தூரம். ஒரு நாள் கால் வலித்தால் ஊர் சுற்றலாம். மலையடிவாரத்தில் தங்கிவிட்டால் சன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தோக்கியோவுக்குப் போகிறவர்களுக்கு காலா யுசாவா உண்டு. புல்லட் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல. நிலையமும் பனிச்சறுக்குத் தளமும் ஒரே கட்டடம், உடுப்பு முதல் பலகை வரை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்கள் முதலில் இதை ஒரு நாள் சுவைத்துப் பார்க்கலாம். விடுமுறை நாளில் மட்டும் போய்விடாதீர்கள், தைப்பூசக் கூட்டம் தோற்றுவிடும்.

தென்கொரியாவில் சியோலிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் விவால்டி பார்க், இன்னும் கிழக்கே 2018 ஒலிம்பிக் நடந்த பியோங்சாங் வட்டாரத்தில் யோங்பியோங். பருவம் டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான். பனியில் பெரும்பகுதி இயந்திரத்தில் செய்தது, அது கொஞ்சம் கெட்டியாக இருக்கும். விழுந்தால் ஹொக்கைடோவின் பஞ்சுப்பனி போல மன்னிக்காது. ஆனால் பெண்பிள்ளைகளைக் கேட்டால் கொரியாதான் என்பார்கள், அதற்கும் பனிக்கும் சம்பந்தமில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பருவம் தலைகீழ், ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. ஜூனில் பனி மெலிசாக இருக்கும், ஆகஸ்டு நல்லது. ஆங்கிலப் பிரச்சினையே இல்லை. இரண்டு நாட்டுக்கும் மின்னணுப் பயண அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும்.

காஷ்மீருக்குப் போகக்கூடாதா? நம்ம ஊர்ச் சாப்பாடாவது கிடைக்குமே.

குல்மார்க்கைக் கேட்கிறீர்கள். அடிவாரமே ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரம், கொண்டோலா எனும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 4,000 மீட்டரை ஒட்டிப் போகிறது. கீழே இருக்கும் புல்வெளிச் சரிவு தொடக்கநிலைக்காரர்களுக்கு நல்லது, மேலே இருப்பது கைதேர்ந்தவர்களுக்கானது. அந்த உயரத்தில் முதல் நாள் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். விசா வேண்டும், டில்லி வழியாகப் போக வேண்டும், பாதுகாப்பு நிலவரத்துக்கு நம் வெளியுறவு அமைச்சு (விஸ்மா புத்ரா) என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கும் ஆசைதான், ஆனால் முதல் பயணமாக வேண்டாம்.

எந்த மாதம் போவது? பள்ளி விடுமுறை இடிக்கிறதே.

2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது, ஆண்டிறுதி விடுமுறை டிசம்பரில் வருகிறது. டிசம்பர் முதல் பாதியில் ஹொக்கைடோவில் எல்லா லிஃப்டும் (ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்பவை) திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. கிறிஸ்துமஸிலிருந்து ஜப்பானியப் புத்தாண்டு வரை பனி உண்டு, கூட்டமும் விலையும் அதைவிட உண்டு. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் பிள்ளை என்றால் டிசம்பரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சீனப் புத்தாண்டு விடுமுறை பனிக்கு அருமையான நேரம். பாதி ஆசியாவும் அதையேதான் நினைக்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் சப்போரோ பனி விழாவும் சேர்ந்துகொள்ள, விடுதி விலையைக் கேட்டால் கேட்ட இடத்திலேயே குளிரும்.

என் வாக்கு மார்ச் விடுமுறைக்கு. சப்போரோவில் ஜனவரிப் பகலே சராசரியாக 0 டிகிரியைத்தான் ஒட்டியிருக்கும், மலையில் இன்னும் குறைவு. மார்ச்சில் பகல் நாலைந்து டிகிரிக்கு வந்துவிடும், மலையிலோ இன்னும் பனி கனமாகக் கிடக்கும். கூட்டம் குறைந்து விலையும் இறங்கியிருக்கும். ஒரே தொல்லை, பகலில் இளகிய பனி இரவில் உறைந்து, காலை முதல் ஒரு மணி நேரம் கண்ணாடி போல இருக்கும். வகுப்பைப் பத்து மணிக்கு மேல் வையுங்கள். "மார்ச்சில் போனால் நல்ல பனி கிடைக்காது" என்று சொல்பவர்கள் இருபது வருடம் சறுக்கியவர்கள். நமக்கு நல்ல பனிக்கும் கெட்ட பனிக்கும் வித்தியாசம் தெரிந்தால்தானே?

எத்தனை நாள் சறுக்க வேண்டும்?

மூன்று நாள். முதல் நாள் வெறுப்பு வரும், இரண்டாம் நாள் திடீரென்று பிடிபடும், மூன்றாம் நாள்தான் இன்பம். ஒரே நாளில் முடித்தவர்கள் வெறுப்போடு மட்டும் திரும்பி வந்து, "அது நமக்கு ஒத்துவராது" என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஐந்து நாள் வேண்டாம், உடம்பு கேட்காது. முடிந்தால் இரண்டாம் நாளுக்குப் பிறகு ஒரு நாள் ஓய்வு விடுங்கள். களைத்த காலோடு கடைசி ஒரு தடவை என்று ஏறுகிறபோதுதான் அடிபடும்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஆளாளுக்கு மாறும், அதனால் மொத்தத் தொகை சொல்லமாட்டேன். எங்கே காசு போகிறது என்று சொல்கிறேன். விமானம், தங்கும் இடம், லிஃப்ட் டிக்கெட், பலகையும் பூட்ஸும் உடுப்பும் வாடகை, ஆசிரியர், காப்பீடு. இதில் ஆசிரியரும் லிஃப்டும்தான் ஆளை அசத்தும். நிசெக்கோவில் நான்கு தளத்துக்குமான ஒரு நாள் டிக்கெட் அண்மைக் குளிர்காலங்களில் 10,000 யென்னைத் தாண்டிவிட்டது. பெயர்போன இடங்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு முழுநாள் தனிப்பாடம் வைத்தால், அது விமான டிக்கெட்டோடு போட்டி போடும்.

மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. முதல் நாள் முழு மலைக்கும் டிக்கெட் வாங்காதீர்கள். பல இடங்களில் தொடக்கநிலைப் பகுதியில் நகரும் பாய் ஒன்று இருக்கும், பேரங்காடி சாய்தளம் போல நின்றால் தானே மேலே கொண்டுபோகும். அதற்குத் தனிக் கட்டணமோ, சில மணி நேர டிக்கெட்டோ கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஆசிரியர் காசில் மட்டும் கை வைக்காதீர்கள். கடன் வாங்கியும் போகாதீர்கள், மலை அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். நாங்கள் இரண்டு தீபாவளிக்குப் புதுச் சோபா வாங்காமல் சேர்த்தோம்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா? பையன் ஸ்னோபோர்டுதான் என்று அடம்பிடிக்கிறான்.

ஸ்கீயில் இரண்டு காலும் தனித்தனி, முகம் போகிற திசையைப் பார்க்கும், முதல் நாளே நிற்கவும் திரும்பவும் ஓரளவு வந்துவிடும். ஸ்னோபோர்டில் இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் பின்புறத்திலும் முட்டியிலும் மாறி மாறி விழுவதுதான் பாடம், மணிக்கட்டு அடிபடவும் வாய்ப்பு அதிகம். 15 வயசுப் பையனுக்கு அது பெருமையாகக்கூட இருக்கலாம், விட்டுவிடுங்கள். பெற்றோர் ஸ்கீயோடு நிற்பது நல்லது.

யூடியூப் பார்த்துவிட்டு நாமே கற்றுக்கொள்ளக்கூடாதா?

கூடாது. தப்பாகப் பழகினால் பிறகு மாற்றுவது பெரிய வேலை. அதைவிட, நிற்கத் தெரியாமல் நீங்கள் மோதப்போகிற ஆள் வேறு யாரோ ஒருவர். முதல் நாள் குழுவாகக் கற்றுத்தரும் அரைநாள் வகுப்பு போதும். பதிவு செய்யும்போதே ஆங்கிலத்தில் கற்றுத்தருவார்களா, ஒரு குழுவில் எத்தனை பேர் என்று எழுதிக் கேளுங்கள்.

நானும் பிள்ளையும் ஒரே வகுப்பிலா?

முதல் நாள் ஒரே வகுப்பில் சேர்ந்தோம். அது தப்பு. மகள் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டாள். நான் விழுந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் "அம்மா, முட்டிய மடக்குங்க. அம்மா, கீழ பாக்காதீங்க" என்று ஆசிரியருக்கு முன்னால் அவளே ஆரம்பித்துவிட்டாள். நான் பதிலுக்கு ஏதோ சொல்ல, ஜப்பானிய ஆசிரியர் பாவம், மொழி புரியாமலே விஷயம் புரிந்து தள்ளி நின்றார். அடுத்த நாள் இருவரையும் பிரித்துப் போட்டோம், மத்தியானம் பசியாறும்போது பழையபடி பேச்சுவார்த்தை வந்துவிட்டது.

பதின்ம வயதுப் பிள்ளைக்குப் பயம் குறைவு, ஈர்ப்பு மையமும் தாழ்வு, விழுகிற தூரமும் குறைவு. இரண்டாம் நாளே உங்களைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பயணத்தில் தோற்கப்போவது நீங்கள்தான் என்று விமானத்தில் ஏறும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் தனித்தனி வகுப்பு, பிற்பகலில் ஒரு மணி நேரம் சேர்ந்து சறுக்கல். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை ஆசிரியர், நீங்கள் மாணவர்.

என்ன உடுத்துவது? எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். மேலே போடுகிற தண்ணீர் புகாத சட்டையும் காற்சட்டையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வாங்குவதானால் முதலில் நம்ம ஊர் பண்டல் கடைக்குப் போங்கள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற பழைய துணியில் ஸ்கீ சட்டை அடிக்கடி மாட்டும், இந்த வெயிலில் அதை யாரும் சீந்துவதில்லை. மகளுக்கு நான் பொறுக்கியது ஒரு இரவுச் சந்தைச் சாப்பாட்டு விலைதான். வாங்கும் முன் குழாயடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உருண்டு ஓடினால் நல்லது, உறிஞ்சினால் விட்டுவிடுங்கள்.

உள்ளே போடுவதில்தான் சூட்சுமம். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்த ஈரமே குளிரச் செய்யும். ஒட்டினாற்போல ஒரு செயற்கை இழை உள்ளாடை, யூனிக்லோவின் ஹீட்டெக் மாதிரி, அதன் மேல் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற மேல்சட்டை, அதற்கு மேல் வாடகைச் சட்டை. குளிரும் என்று ஐந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டால் கை மடங்காது. கையுறை, பனிக்கண்ணாடி, குல்லா இவற்றைப் பல இடங்களில் வாடகைக்குத் தருவதில்லை, டெக்கத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிப் போங்கள். கையுறை தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும், கம்பளிக் கையுறை அரை மணியில் ஈரத்துணி. ஹெல்மெட் வாடகைக்கு உண்டு, கட்டாயம் போடுங்கள். பிள்ளை முடி கலையும் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

பெண்களுக்கு மூன்று: பின்னலைச் சட்டைக்குள் போடுங்கள். தாலிச்சங்கிலியை உள்ளாடைக்கும் உள்ளே தள்ளிவிடுங்கள். மெட்டியைக் கழற்றிவிட்டுப் போங்கள். நான் கழற்றாமல் போனேன். ஸ்கீ பூட்ஸ் பிளாஸ்டிக் ஓடு, அது எதற்கும் நெகிழாது. அன்று மாலை விரலைப் பார்த்து மகள் ஐஸ் கட்டி தேட, எங்கும் ஐஸாகக் கிடந்த ஊரில் என் அறையில் மட்டும் இல்லை.

பூட்ஸ் அளவு எப்படிப் பார்ப்பது? பூட்ஸ் கடித்து அழுதவர்கள் கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கதைகள் உண்மை. முதல் பயணத்தைக் கெடுப்பதில் பூட்ஸுக்குத்தான் முதலிடம். கொஞ்சம் பெரிதாக எடுத்தால் சுகமாக இருக்கும் என்று நாம் செருப்புக் கணக்கில் நினைக்கிறோம். பெரிதாக இருந்தால் கால் உள்ளே மிதக்கும், திருப்பினால் பலகை திரும்பாது. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னே லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கியதும் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் தூக்கக்கூடாது. இறுக்கமாகக் கை குலுக்குவது போல இருக்கும், வலிக்கக்கூடாது.

காலுறை ஒன்றே ஒன்று, மெலிதாக, முட்டி வரை. இரண்டு போட்டால் இரட்டைச் சூடு என்பது நம் கணக்கு. இரண்டும் உரசி மடிந்து ரத்த ஓட்டத்தை நெருக்க, கால் இன்னும் விறைக்கும். காற்சட்டை நுனியைப் பூட்ஸுக்குள் சொருகாதீர்கள், காலுறையைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது. சாப்பிட உட்காரும்போது கொக்கிகளைத் தளர்த்திவிடுங்கள்.

வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, அனுபவம் கேட்பார்கள். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் கொக்கியின் இறுக்கத்தை அந்தக் கணக்கில்தான் வைப்பார்கள். நான் வெட்கப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொன்னேன். கொக்கி லேசாகிவிட்டது. சின்ன மேடு வந்தாலே பலகை கழன்று தன் வழியில் போனது, நான் என் வழியில் போனேன். கூட்டிச் சொன்னால் அதைவிட மோசம், கழல வேண்டிய நேரத்தில் கழலாது. உண்மையைச் சொல்லுங்கள், அங்கே உங்களை யாருக்கும் தெரியாது.

முதல் நாள் என்னதான் நடக்கும்?

முதலில் பூட்ஸோடு நடக்கவே பாடம், குதிகால் முதலில் பட வேண்டும். பிறகு ஒரு பலகை மட்டும் மாட்டிச் சமதரையில் தள்ளிப் போவது. பிறகு இரண்டும். அப்புறம் பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஆப்பு மாதிரி வைத்து நிற்பது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் இதை பீட்சா என்கிறார்கள். விரித்தால் வேகம் குறையும், சேர்த்தால் கூடும். ஒரு காலில் கொஞ்சம் அதிகம் எடை வைத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும், வலது காலை அழுத்தினால் இடப்பக்கம். இவ்வளவுதான் முதல் நாள்.

இதில் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தனி இடைஞ்சல் உண்டு. சின்ன வயசில் லைன் வீட்டுக்குப் பின்னால் செம்மண் மேட்டில் பாக்குமட்டையில் உட்கார்ந்து சறுக்கினோமே, பயம் வந்தால் பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றுவோம், மட்டை நிற்கும். உடம்பு அதை மறக்கவில்லை. ஸ்கீயில் பின்னால் சாய்ந்தால் எடை பலகையின் வாலுக்குப் போய், முன்நுனி தரையை விட்டு லேசாகிவிடும். லேசான நுனி திரும்பாது, பலகை நேரே கீழே ஓடும். பயம் வரும்போதுதான் முன்னால் சாய வேண்டும், முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பு பூட்ஸின் முன்நாக்கை அழுத்தும்படி. மலையை எதிர்த்துச் சாயாமல், மலை போகிற பக்கமே சாய்வது. எனக்கு இது மூளையில் ஏற ஒன்றரை நாள் ஆனது. மட்டையில் சறுக்காத மகளுக்கு ஒன்றரை நிமிடம்.

விழ வேண்டும் என்றால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக விழுங்கள். எழும்போது பலகைகளை உடம்புக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். நேராக வைத்து எழுந்தால் எழுந்த வேகத்தில் மறுபடி கிளம்பிவிடும்.

லிஃப்ட் நாற்காலியில் ஏற பயமாக இருக்கிறது.

அது நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், அதனால்தான் பயம். ஊன்றுகோல் இரண்டையும் ஒரு கையில் பிடியுங்கள், வாரைக் கையில் மாட்டாதீர்கள். கோட்டில் போய் நின்று திரும்பிப் பாருங்கள், நாற்காலி முட்டிக்குப் பின்னால் தொட்டதும் உட்காருங்கள். தடுப்புக் கம்பியை இறக்குங்கள். இறங்குமிடத்தில் பலகை நுனியைத் தூக்கி வைத்து, எழுந்து நேராகச் சறுக்கி விலகுங்கள். அங்கேயே நின்று பிள்ளையைத் தேடினால் அடுத்த நாற்காலி உங்களைத் தேடி வரும். முதல் தடவை என்று கையசைத்தால் பணியாளர் வேகத்தைக் குறைப்பார்.

இரண்டாம் நாளே கறுப்புச் சரிவுக்குப் போகிறேன் என்கிறான் பையன்.

ஜப்பானில் பச்சை தொடக்கநிலை, சிவப்பு நடுநிலை, கறுப்பு தேர்ந்தவர்கள். வேகமாகப் போவதும் கட்டுப்பாட்டோடு போவதும் வேறு வேறு. சொன்ன இடத்தில் நிற்க முடிகிறதா என்று பச்சையில் காட்டச் சொல்லுங்கள், பிறகு சிவப்பு. இதை நீங்கள் சொன்னால் எடுபடாது, ஆசிரியரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு விதிகளை மட்டும் கண்டிப்பாகப் புரியவையுங்கள். ஒன்று, கீழே முன்னால் போகிறவருக்கே வழியுரிமை, மேலிருந்து வருபவர்தான் ஒதுங்க வேண்டும். இன்னொன்று, கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டக்கூடாது. ஹொக்கைடோ மாதிரிப் பனி கொட்டும் இடங்களில் மரத்தடியில், கிளைக்குக் கீழே, பனி இறுகாமல் குழியாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக அதில் விழுந்தவர் தானாக வெளியே வருவது அரிது, மூச்சு முட்டிவிடும். நம் பிள்ளைக்குக் காடு பழக்கம்தான், அந்தக் காடு வேறு.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

மாடு சாப்பிடாதவர்களும் சைவக்காரர்களும் கவனம். மலைமேல் உணவகத்தில் கறி ரைஸ் என்று இருக்கும், வாசனை இழுக்கும், அதில் பெரும்பாலும் மாடோ பன்றியோ இருக்கும். வெறும் நூடல்ஸ் சூப் என்று நினைப்பது காய்ந்த மீன் சாறாக இருக்கும். கேட்டுச் சாப்பிடுங்கள், அல்லது கடையில் புளித்த பிளம் வைத்த சோற்று உருண்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சப்போரோவில் சூப் கறி என்று ஒன்று பேர்போனது, நம் ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் இருக்கும், கோழியோடோ காய்கறியோடோ கிடைக்கும். மூன்றாம் நாள் அதைக் குடித்தபோது மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைலோ, ஊறுகாய், புளிச் சம்பல் எடுத்துப் போகலாம். சம்பலைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வேண்டாம். செருண்டிங், சாசேஜ் போன்ற இறைச்சிப் பொருட்களை ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். குட்டி ரைஸ் குக்கரையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் குக்கர் 240 வோல்ட்டுக்குச் செய்தது. சூடு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் வரும். நான் எடுத்துப் போனேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால், ஊறவைத்த அரிசி.

ஜப்பானில் பொது வெந்நீர்க் குளியலில் ஆடையே கூடாதாமே?

ஆமாம். ஆண் பெண் தனித்தனி, உள்ளே நீச்சலுடைகூடக் கூடாது, இறங்கும் முன் நன்றாகத் தேய்த்துக் குளிக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. சில விடுதிகளில் குடும்பத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் தனிக் குளியலறையை வாடகைக்குத் தருகிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். சறுக்கி வந்த கால் அந்த வெந்நீரில் இறங்கும்போது கிடைக்கும் சுகத்தைக் கூச்சத்துக்காக விட்டுவிடக்கூடாது.

சாதாரணப் பயணக் காப்பீடு போதாதா?

போதாமல் போகலாம். பல திட்டங்களில் குளிர்கால விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது கூடுதல் கட்டணம் கட்டினால்தான் சேரும். அந்த விலக்குப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். குறிக்கப்பட்ட சரிவுக்கு வெளியே அடிபட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். மலையிலிருந்து இறக்கும் செலவு, மருத்துவமனைச் செலவு, அடிபட்டுப் பயணம் நின்றால் என்ன ஆகும், இம்மூன்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போகும் முன் இங்கேயே பழகிப் பார்க்க வழி உண்டா?

கெந்திங்கில் உள்ளரங்கப் பனிப்பூங்கா இருக்கிறது. குளிர் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம், ஸ்கீ பழக முடியாது. துபாய் வழியாக எங்காவது போகிறவர்கள் பேரங்காடிக்குள் இருக்கும் ஸ்கீ துபாயில் ஒரு வகுப்பு எடுக்கலாம், அதன் நீளமான சரிவு 400 மீட்டர். வேறெதுவும் கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு உருளைச் சக்கரக் காலணி வாங்கிக் கொடுங்கள், சமநிலை அதிலிருந்தே வந்துவிடும்.

சுங்கை சிப்புட்டிலிருந்து எப்படிக் கிளம்புவது?

இ.டி.எஸ். ரயிலில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில். அல்லது ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கே நேர் பேருந்து. பாஸ்போர்ட்டை இப்போதே திறந்து பாருங்கள், ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிடுங்கள். அங்கே போனதும் கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். பனிச்சாலையில் ஓட்டுவது மழையில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்டுவது போல இருக்கும் என்று நினைக்கிறவர்கள் பள்ளத்தில் கிடக்கும் கார்களைப் போய்ப் பார்க்கட்டும். பேருந்து இருக்கிறது. கனமான பெட்டியை ஜப்பானில் ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம், பெரும்பாலும் அடுத்த நாள் வந்துவிடும்.

மறந்துபோகிற சின்னச் சாமான்கள்?

சூரியத் தடுப்புக் களிம்பு. பனி புற ஊதாக் கதிரை 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும். நாம்தான் வெயில்காரர்களாயிற்றே என்று பூசாமல் போய், மூக்குக்குக் கீழே கருகி வந்தேன். கண்ணாடி போடுபவர்கள் அதன் மேல் மாட்டக்கூடிய அகலமான பனிக்கண்ணாடி கேளுங்கள். உதட்டுக்குக் களிம்பு. தெருவில் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை, சப்போரோவில் சின்னக் கடைகளிலேயே கிடைக்கும். மலையில் விழுந்தது போதாதென்று விடுதி வாசலிலும் விழுந்தேன். கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், அப்புறம் மேலேயிருக்கும் பிள்ளையைக் கூப்பிட முடியாது. எந்த இடத்தில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேசி வைத்தது பெரிய மணிக்கூண்டின் அடியில். அவள் வர முக்கால் மணி நேரம் தாமதம், கேட்டால் "இன்னும் ஒரு தடவைதான் போனேன்மா" என்றாள்.